வேலை விட்ட பின்னும் விடாத ஒப்பந்தம்

ஒருவன் ஒரு கம்பனியில் வேலைக்குச் சேரும் நாளில் அவன் முன்னே ஒரு பத்திரம் வைக்கப்படுகின்றது. சம்பளம் எவ்வளவு, விடுமுறை எத்தனை நாள், பதவி யாது என்பனவற்றை அவன் ஆவலோடு படிக்கின்றான். அப்பாலுள்ள பக்கங்களைப் புரட்டும்போது ஆவல் தணிந்துவிடுகின்றது. எங்கோ ஓர் மூலையில், சிறிய எழுத்தில், இக்கம்பனியின் சேவையை விட்டு நீங்கிய நாள் தொடக்கம் இத்தனை ஆண்டுகளுக்கு, இத்தனை மைல் எல்லைக்குள், இதே தொழிலைத் தானாகவோ பிறரிடத்துச் சம்பளத்துக்கோ செய்வதில்லை என்று ஒரு வாசகம் இருக்கும். வேலை கிடைத்த மகிழ்ச்சியில் அவன் கைச்சாத்திடுகின்றான். சேரும் நாளிலேயே நீங்கும் நாளை நினைப்பவர் யார்?

அவ்வாசகம் உறங்கிக் கிடக்கும் வரை ஒருவருக்கும் தீங்கில்லை. ஊழியன் வேறிடத்தில் நல்ல சம்பளம் பெற்றோ, முதலாளியோடு மனத்தாங்கல் கொண்டோ வேலையை விட்டு நீங்கிய மறுவாரமே அது விழித்துக்கொள்கின்றது. சட்டத்தரணியின் கடிதம் வீடு தேடி வருகின்றது. "எனக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றே, இதனைச் செய்யாவிட்டால் வீட்டில் அடுப்பு எரிவது எப்படி?" என்று ஊழியன் கேட்கின்றான். "தொழிலின் உள்ளந்தரங்கங்களைத் திறந்து காட்டியவர் யார்? வாடிக்கைக்காரரை அறிமுகஞ் செய்து வைத்தவர் யார்? அவற்றையெல்லாம் மூட்டையாகக் கட்டிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போவது முறையாகுமா?" என்று முதலாளி கேட்கின்றார். இரண்டும் நேர்மையான கேள்விகளே. அதனாலேயே இந்த வழக்கு அறுநூறு ஆண்டுகளாக நீதிமன்றங்களை விட்டு அகலாதிருக்கின்றது. சட்டத்தார் இத்தகைய வாசகத்தைத் தொழிற்றடை உடன்படிக்கை என்பர்.

அறுநூறு ஆண்டுகள் என்பது மிகைக் கூற்றன்று. 1414ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் ஐந்தாம் ஹென்றி மன்னன் ஆண்ட காலத்தில், யோன் டயர் என்னும் சாயத் தொழிலாளி மீது ஒரு வழக்குத் தொடரப்பட்டது. அவன் பெயரே அவன் தொழிலைச் சொல்லும். ஆங்கிலத்தில் டயர் என்பது சாயமிடுபவனைக் குறிக்குஞ் சொல். குறித்ததோர் ஊரில் அரையாண்டு காலம் தன் கைத்தொழிலைச் செய்வதில்லை என்று அவன் பிணைமுறி எழுதிக் கொடுத்திருந்தான். முறிப்பணத்தைக் கேட்டு வழக்கு வந்தது. நிபந்தனையைத் தான் மீறவில்லை என்பது டயரின் மறுமொழி. ஆயினும் ஹல் என்னும் நீதிபதி, அவன் மீறினானா இல்லையா என்ற ஆராய்ச்சிக்கே போகவில்லை. முறியின் வாசகத்தைக் கேட்ட மாத்திரத்தே அவருக்குச் சினம் மூண்டது. இத்தகைய நிபந்தனை நாட்டின் பொதுச் சட்டத்துக்கு விரோதமானது என்றும், வழக்காளி மாத்திரம் அங்கே நேரில் நின்றிருப்பானாயின் அரசனுக்குத் தண்டப்பணம் இறுக்கும் வரை அவனைச் சிறையில் அடைத்திருக்க வேண்டுமென்றும் ஆண்டவன் பெயரால் ஆணையிட்டுச் சொன்னார் என்று அக்காலத்து வழக்கேடு கூறுகின்றது.

நீதிபதிக்கு இவ்வளவு கோபம் வந்ததற்குக் காரணம் உண்டு. 1348ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்குள் நுழைந்த கொள்ளைநோய் குடிசனத்திற் பெரும் பகுதியை வாரிக்கொண்டு போயிற்று. உழுவாருமில்லை, நெய்வாருமில்லை. உடல் வலிமையுள்ளவன் வேலை செய்தே தீரவேண்டும் என்று 1349இலும் 1351இலும் சட்டங்கள் பிறந்தன. வேலை செய்யாதவனைச் சட்டம் தண்டிக்கும் நாட்டில், வேலை செய்யாமலிருக்கும்படி ஒருவனை ஒப்பந்தத்தாற் கட்டுவது எங்ஙனம் பொருந்தும்? அன்றியும், கைத்தொழில்கள் யாவும் சங்கங்களின் ஆட்சியில் இருந்தன. பல ஆண்டுகள் குருவிடம் தங்கிச் சாயத் தொழில் கற்றவனைத் தச்சர் சங்கம் ஏற்றுக்கொள்ளாது. ஓரூரிற் சங்க உரிமை பெற்றவனை மற்றோரூரார் எளிதில் உள்ளே விடார். ஆகவே, டயர் எழுதிய முறி அரையாண்டுத் தடை போலத் தோன்றினாலும், நடைமுறையில் அது பட்டினிக்கு எழுதிய முறியேயாகும்.

இந்த ஒரே பிடி முந்நூறு ஆண்டுகளில் மெல்லத் தளர்ந்தது. 1711ஆம் ஆண்டிலே தீர்ப்பளிக்கப்பட்ட மிச்சல் என்பார்க்கும் றெயினோல்ட்ஸ் என்பார்க்கும் இடையிலான வழக்கே இத்துறையின் தாய் வழக்கு எனலாம். றெயினோல்ட்ஸ் பாண் சுடுபவர். இலண்டனில் ஹோல்போண் பகுதியிலுள்ள புனித அந்திரேயர் கோயிற்பற்றில் தமக்கிருந்த வெதுப்பகத்தின் குத்தகையை ஐந்து ஆண்டுகளுக்கு மிச்சலுக்குக் கைமாற்றினார். அந்த ஐந்து ஆண்டுகளும் அதே கோயிற்பற்றுக்குள் தாம் பாண் சுடுவதில்லை என்றும், சுட்டால் 50 பவுண் இறுப்பதாகவும் பிணைமுறி கொடுத்தார். கொடுத்த பின்னர், பழைய வாடிக்கைக்காரரின் நாவை மறக்க மாட்டாமலோ, அவர்தம் பணத்தை மறக்க மாட்டாமலோ, மீண்டும் பாண் சுடத் தொடங்கினார்.

முறையாகத் தொழில் பயின்ற பாண்காரனைச் சட்டம் தடுக்கலாகாது என்று அவர் வாதாடினார். பிரதம நீதியரசர் பார்க்கர் அதனை ஏற்கவில்லை. நாடு முழுவதிலும் தொழில் செய்யாதே என்பது ஒன்று. குறித்ததோர் இடத்தில், குறித்ததோர் காலத்துக்கு, தக்க கைம்மாறு பெற்றுக்கொண்டு ஒதுங்கி நிற்பது மற்றொன்று. முன்னையது எவருக்கும் பயன்படாது. இலண்டனிற் பாண் விற்பவனுக்கு நியூகாசிலில் ஒருவன் பாண் விற்றால் என்ன, விற்காவிட்டால் என்ன? பின்னையது, கடையை விலைகொடுத்து வாங்கியவனைக் காப்பாற்றுவது. அது நியாயமான அளவில் நிற்குமாயின் செல்லும் என்று அவர் தீர்த்தார். றெயினோல்ட்ஸ் தோற்றார்.

இத்தீர்ப்பைச் சுருக்கிச் சொல்லும் நூல்கள் பெரும்பாலும் இவ்வளவோடு நின்றுவிடுகின்றன. ஆனால் பார்க்கர் மேலும் சிலவற்றைச் சொன்னார். தொழிற்றடையினால் ஒருவன் தன் பிழைப்பையும் குடும்பத்தின் வாழ்வையும் இழப்பான்; பொதுமக்களோ பயனுள்ள ஒருவனை இழப்பர். சங்கங்களும் கூட்டங்களும் தமக்கே தனியுரிமை தேடுவதில் ஓயாது முனைந்து நிற்கின்றன. குருமாரோ தம்மிடம் தொழில் பழகும் மாணவர் நாளைக்குத் தனிக்கடை வைத்துத் தம் வாடிக்கையைக் கெடுப்பரோ என்று அஞ்சி அவர்களுக்குத் தொல்லை கொடுக்கும் இயல்புடையவர். இவ்வாறெல்லாம் அவர் எச்சரித்தார். மாணவன் தன்னை மிஞ்சிவிடுவானோ என்று கலங்கும் குருவை 1711ஆம் ஆண்டின் நீதிபதி ஒருவர் அறிந்திருந்தார் என்பது கவனிக்கத்தக்கது.

றெயினோல்ட்ஸ் கடையை விற்றவர். விற்றவனும் சம்பளத்துக்கு உழைத்தவனும் ஒரே தராசில் வைக்கத்தக்கவரா? இந்த வினாவுக்குத் தெளிவான விடை கிடைக்க மேலும் இருநூறு ஆண்டுகள் சென்றன. இடையிலே 1894ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபை ஒரு பீரங்கி வியாபாரியின் வழக்கைத் தீர்த்தது. சுவீடன் தேசத்தவரான தோஸ்ரன் நோடன்பெல்ட் தம் துப்பாக்கி, வெடிபொருட் தொழிலை 287,500 பவுணுக்கு விற்று, அத்தொழிலில் 25 ஆண்டுகள் உலகெங்கும் போட்டியிடுவதில்லை என்று உறுதியளித்திருந்தார். உலகம் முழுவதற்குமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் பீரங்கி வாங்குவோர் யார்? அரசாங்கங்கள் மாத்திரமே, அவை உலகெங்கும் பரந்திருப்பவை. ஆதலால் உலகளாவிய தடையே அத்தொழிலுக்கு நியாயமான தடை என்று சபை கண்டது. அவ்வழக்கில் மக்னோற்றன் பிரபு வகுத்த விதி இன்றும் அளவுகோலாக நிற்கின்றது: தொழிற்றடை அடிப்படையிற் செல்லாதது, அது இரு தரப்பாருக்கும் நியாயமானதென்றும் பொதுநலத்துக்கு ஊறு செய்யாததென்றும் காட்டப்பட்டால் மாத்திரமே செல்லும்.

இனி ஊழியரிடம் வருவோம். 1913ஆம் ஆண்டில் மேசன் என்பவரின் வழக்குப் பிரபுக்கள் சபைக்கு வந்தது. அவர் பீரங்கி வியாபாரியல்லர். வீடு வீடாக ஏறி இறங்கி, தவணைப் பணத்துக்குத் துணிமணி வாங்கும்படி மக்களைத் தூண்டி, பின்னர் அத்தவணைகளை அறவிடும் ஊழியர். அவரை வேலைக்கமர்த்திய கம்பனிக்கு இங்கிலாந்தின் பல நகரங்களிற் கிளைகள் இருந்தன. அவருக்குக் கொடுக்கப்பட்டதோ வட இலண்டனில் இஸ்லிங்ரன் பகுதியின் சில தெருக்களே. அவர் கைச்சாத்திட்ட ஒப்பந்தமோ, வேலை நீங்கிய பின் மூன்று ஆண்டுகளுக்கு, இலண்டனைச் சுற்றி 25 மைலுக்குள் அத்தகைய தொழில் எதிலும் ஈடுபடலாகாது என்றது. இருபத்தைந்து மைல் ஆரையிலே வட்டம் வரைந்தால் ஏறத்தாழ இரண்டாயிரம் சதுர மைல் அதற்குள் அடங்கும். அக்காலத்தில் உலகிலேயே மிகப் பெரிய நகரமும் அதன் சுற்றூர்களும் முழுவதுமாக அவ்வட்டத்துக்குள் விழுந்தன. சில தெருக்களிற் கதவு தட்டிய ஒருவர், தம்மை ஒருவரும் அறியாத மற்ற ஆயிரக்கணக்கான தெருக்களிலும் கதவு தட்டக்கூடாது என்பதே அந்த ஒப்பந்தத்தின் பொருள்.

மேன்முறையீட்டு நீதிமன்றம் கம்பனியின் பக்கம் நின்றது. பிரபுக்கள் சபை அதனைப் புரட்டியது. மேசனை வீட்டுக்காரர்கள் அறிந்திருப்பார்கள்; அவருடைய பேச்சுக்கு அத்தெருக்களில் ஒரு மதிப்பு இருந்திருக்கும்; அந்தச் சிறிய வட்டாரத்துக்குள் அவரைத் தடுத்திருந்தால் அது வேறு விடயம். கம்பனி காக்க விரும்பியது தன் வாடிக்கையை அன்று. ஆற்றலுள்ள ஓர் ஊழியன் போட்டிக் கம்பனிக்குக் கிடைக்காதபடி செய்வதே அதன் நோக்கம் என்று சபை கண்டது.

அப்போது கம்பனியின் தரப்பில் ஒரு வேண்டுகோள் எழுந்தது. ஒப்பந்தம் அளவுக்கு மிஞ்சிப் பரந்திருந்தால், நீதிமன்றமே அதனை அளவோடு வெட்டிச் சுருக்கி, எஞ்சியதை நடைமுறைப்படுத்தலாகாதா? இது கேட்பதற்கு இதமான வேண்டுகோள். மோல்ற்றன் பிரபு இதற்குக் கொடுத்த மறுமொழியே இத்துறையில் எழுந்த மிகக் கூர்மையான சொல் எனத் தகும். இத்தகைய உடன்படிக்கைகளுக்கு வலுக்கொடுப்பது அவற்றின் நியாயமன்று, வழக்காடும் அச்சமும் செலவுமே என்றார் அவர். முதலாளியின் பணப்பை நீளமானது. ஊழியனின் பை சிறியது. மிதமிஞ்சிய தடையை எழுதி வைத்து, ஊழியனை வழக்கு மன்றத்துக்கு இழுத்து அலைக்கழித்த பின், நியாயமாக எழுதியிருந்தால் எது கிடைத்திருக்குமோ அது நீதிமன்றத்தின் கையாற் கிடைத்துவிடுமாயின், எந்த முதலாளி முதலிலேயே நியாயமாக எழுதப் போகின்றான்?

மூன்று ஆண்டுகளின் பின், 1916இல், சக்ஸல்பி என்னும் பொறியியலாளரின் வழக்கு வந்தது. பள்ளிக்கூடத்தை விட்டதும் வரைபடம் வரைபவராக ஒரு கம்பனியில் நுழைந்தவர் அவர். பாரந்தூக்கும் கப்பிகளும் இயங்கு பாரந்தூக்கிகளும் செய்த கம்பனி அது. அவர் அறிந்ததெல்லாம் அங்கே அறிந்தது. வேலையை விட்டால் ஏழு ஆண்டுகளுக்கு பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் எவ்விடத்தும் அத்தொழிலை அவர் செய்யலாகாது என்பது ஒப்பந்தம். 'நாம் கற்பித்த கல்வி எமக்கெதிராகப் பயன்படலாமா?' என்பது கம்பனியின் வாதம்.

இவ்வழக்கில் பிரபுக்கள் சபை ஒரு கோடு கிழித்தது. அக்கோடு இன்னும் அழியவில்லை. ஒருவன் ஒரு தொழிற்சாலையிலிருந்து வெளியேறும்போது அவனோடு இரண்டு வகையான அறிவு வெளியேறுகின்றது. ஒன்று, முதலாளியின் உடைமையான அறிவு: இரகசியச் செய்முறைகள், வாடிக்கைக்காரரின் பெயர்கள், விலைக் கணக்குகள் போன்றன. இவற்றை அவன் கொண்டுபோவது, பெட்டியிலுள்ள பொருளைக் கொண்டுபோவதை ஒத்தது. மற்றது அவனுடைய கைத்திறன், கண்ணளவு, அனுபவம், கூர்மை. இவற்றை அவன் முதலாளியின் செலவிற் பெற்றிருக்கலாம். ஆயினும் இவை அவனுடையவை, அவனைவிட்டுப் பிரிக்க முடியாதவை. சும்மா போட்டியிலிருந்து காப்பாற்றும்படி எந்த முதலாளியும் நீதிமன்றத்திடம் கேட்க முடியாது. இரகசியத்துக்கும் வாடிக்கைத் தொடர்புக்கும் மாத்திரமே காவல் உண்டு. சக்ஸல்பி வென்றார்.

இக்கோடு எழுத்தில் தெளிவாயிருப்பதுபோல வாழ்க்கையில் தெளிவாயிருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நகைத் தொழிலாளி ஒருவன் பற்றவைக்கும் பதத்தை அறிவது கைத்திறனா, குருவின் இரகசியமா? ஆசிரியரிடம் கணிதங் கற்றவன் கற்பிக்கும் முறையையும் கூடவே கற்றுக்கொள்கின்றான். அம்முறை யாருக்கு உரியது? நீதிபதிகள் ஒவ்வொரு வழக்கிலும் இதனைப் புதிதாக ஆராய வேண்டியவராயினர்.

ஊழியரே எப்போதும் வெல்கின்றனர் என்று எண்ணலாகாது. ராம்வேர்த் என்னும் சிறு நகரத்தில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் இளமையிலேயே இலிகிதராகச் சேர்ந்து, சட்டம் பயின்று, அவ்வலுவலகத்தை நடத்தும் நிலைக்கு உயர்ந்த பிச் என்பவரின் வழக்கு 1921ஆம் ஆண்டிலே தீர்ந்தது. அந்நகர மண்டபத்திலிருந்து ஏழு மைலுக்குள் தாம் ஒருபோதும் சட்டத்தொழில் செய்வதில்லை என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தார். ஒருபோதும் என்றால் ஆயுள் முழுவதும். பிரபுக்கள் சபை அதனைச் செல்லும் என்றது. ஊரார் தம் காணி உறுதிகளையும் மரண சாசனங்களையும் குடும்ப வழக்குகளையும் அவரிடமே கொண்டுவந்து பேசிப் பழகியவர்கள். அவர் எதிர்த்தெருவிற் பலகை மாட்டினால் கட்சிக்காரர் அவர் பின்னே போவர். எல்லை ஏழு மைல்தான். எட்டாவது மைலில் அவருக்குத் தடையில்லை. மேசனுக்குக் கிடைத்த இரக்கம் இவருக்குக் கிடைக்கவில்லையே என்று நேயர் சிலர் வருந்தலாம். ஆனால் மேசனைத் தடுத்த வட்டத்தையும் இவரைத் தடுத்த வட்டத்தையும் ஒப்பிட்டால் தீர்ப்புகளிரண்டும் முரண்படவில்லை என்பது புலனாகும். ஆயுள் முழுவதும் என்ற சொல் மாத்திரம் சற்று உறுத்தத்தான் செய்கின்றது.

வேலை நீங்கிய பின் வரும் தடை வேறு. வேலை ஒப்பந்தம் நடைபெறும் காலத்திலேயே பிறருக்கு உழைக்கலாகாது என்னும் தடை வேறு. பின்னையதை நீதிமன்றங்கள் எளிதில் ஏற்றுக்கொள்கின்றன. 1852ஆம் ஆண்டில் யொகான்னா வாக்னர் என்னும் ஜேர்மன் பாடகி, இலண்டனில் லம்லி என்பவரின் அரங்கில் மூன்று மாதம் பாடுவதாகவும் வேறெங்கும் பாடுவதில்லை என்றும் ஒப்பந்தஞ் செய்திருந்தார். எதிர் அரங்கத்தார் கூடிய தொகை தர முன்வந்தனர். லம்லி நீதிமன்றம் ஏறினார். பாடச் சொல்லி ஒருவரையும் நீதிமன்றம் கட்டாயப்படுத்த முடியாது. வேறிடத்திற் பாடாதே என்று தடுக்க மாத்திரம் முடியும் என்று தீர்ப்பாயிற்று. 1936ஆம் ஆண்டிலே பெற்றி டேவிஸ் என்னும் அமெரிக்கத் திரைப்பட நடிகை, வோணர் சகோதரர் கம்பனியோடு பிணங்கி இங்கிலாந்துக்கு வந்து வேறொருவரின் படத்தில் நடிக்க முற்பட்டபோதும் அதே விதி அவர்மேற் பாய்ந்தது. நடிப்பைத் தவிர வேறு தொழில் செய்து அவர் பிழைக்கலாமே என்று நீதிபதி சொன்னார். புகழின் உச்சியில் நிற்கும் ஒரு நடிகைக்கு அது என்ன ஆறுதல்! அவர் கம்பனிக்கே திரும்பிப் போனார்.

இதுவரை கூறியவை ஆங்கிலேய நீதிபதிகள் வழக்குக்கு வழக்கு நெய்தெடுத்த சட்டம். 1872ஆம் ஆண்டிலோ உலகின் இரு கோடிகளிலே வேறொரு வழி திறந்தது. நியூயோர்க் மாநிலத்துச் சட்ட அறிஞர் டேவிட் டட்லி பீல்ட் என்பார் தம் மாநிலத்துக்கென ஒரு குடியியற் சட்டக்கோவையை வரைந்திருந்தார். தொழில் செய்வதினின்று ஒருவனைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது, கடையின் நற்பெயரை விற்பது போன்ற சிலவே விலக்கு என்று அக்கோவை ஒரே வெட்டாக வெட்டிற்று. நியாயமான அளவு, நியாயமற்ற அளவு என்னும் பேச்சே அதில் இல்லை. நியூயோர்க் அந்தக் கோவையை ஏற்கவேயில்லை. ஏற்றது கலிபோணியா, 1872இல். அதே ஆண்டில் இந்திய ஒப்பந்தச் சட்டத்தை இயற்றியோரும் அதன் 27ஆம் பிரிவை அதே வரைவிலிருந்து எடுத்துக்கொண்டனர். சொந்த ஊரில் விலைபோகாத சரக்கு சன்பிரான்சிஸ்கோவிலும் கல்கத்தாவிலும் விலைபோன கதை இது.

இந்த வெட்டுக்கு இரக்கமும் இல்லை, கோபமும் இல்லை. 1874ஆம் ஆண்டில் கல்கத்தாவில் உலோகப் பாத்திரம் விற்ற இரு வியாபாரிகளுள் ஒருவன், 'நீ இந்தப் பகுதியிற் கடையை மூடிவிடு. உன் வேலைக்காரருக்கு நீ கொடுத்த முற்பணத்தை நான் தருகின்றேன்' என்று மற்றவனிடம் சொன்னான். மற்றவன் மூடினான். சொன்னவன் பணம் கொடுக்கவில்லை. வழக்கு வந்தது. உடன்படிக்கையே செல்லாது என்று மூடியவனை வெறுங்கையோடு அனுப்பியது நீதிமன்றம். தொழிலுரிமையைக் காக்க வந்த சட்டம் வாக்குத் தவறியவனையும் காத்துவிட்டது.

ஊழியர் விடயத்தில் இந்திய உயர் நீதிமன்றமாகிய உச்சநீதிமன்றம் 1967ஆம் ஆண்டில் ஒரு முக்கிய தீர்ப்பளித்தது. பம்பாய்க்கு அருகே கல்யாணில் டயர் நூல் செய்த செஞ்சுரி கம்பனி, ஒல்லாந்து தேசத்துக் கம்பனி ஒன்றிடமிருந்து செய்முறை அறிவை, இரகசியம் காப்பதாக வாக்களித்து, விலைக்கு வாங்கியிருந்தது. 1963இல் ஐந்தாண்டு ஒப்பந்தத்திற் சேர்ந்த கோலிக்காரி என்னும் மேற்பார்வையாளர், பயிற்சி பெற்ற பின், மறு ஆண்டே இராசத்தானத்தில் அதே பொருளைச் செய்த வேறொரு கம்பனிக்குக் கூடிய சம்பளத்துக்குப் போனார். ஐந்தாண்டு முடியும் வரை அவர் போட்டிக் கம்பனியில் வேலை செய்வதைத் தடுத்த கட்டளையை உச்சநீதிமன்றம் நிலைநிறுத்தியது. தடை, ஒப்பந்தக் காலத்துக்குள் அடங்கியிருந்தமையே அதன் உயிர். வேலை நீங்கிய பின்னும் தொடரும் தடையைப் பொறுத்தவரை இந்திய நீதிமன்றங்கள் 27ஆம் பிரிவைக் கண்டிப்போடு பிடித்து வருகின்றன.

இலங்கையில் ஒப்பந்தச் சட்டத்தின் அடித்தளம் உரோம ஒல்லாந்த சட்டம். 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமோ வணிகஞ் சார்ந்த சில விடயங்களில் ஆங்கிலச் சட்டத்துக்கு இடங்கொடுத்தது. ஆதலால் மேசனின் வழக்கும் சக்ஸல்பியின் வழக்கும் எம் நாட்டுச் சட்ட மாணவருக்கு அந்நியமானவையல்ல. அதே உரோம ஒல்லாந்த மரபைப் பின்பற்றும் தென்னாபிரிக்காவிலே 1984ஆம் ஆண்டில் ஒரு திருப்பம் நேர்ந்தது. அங்குள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம், ஆங்கில விதியை ஒதுக்கிவிட்டு, ஒப்பந்தம் ஒப்பந்தமே, அது பொதுநலத்துக்கு முரணானது என்று நிறுவும் சுமை அதனை எதிர்ப்பவனையே சாரும் என்று தீர்த்தது. சுமை யார் தோளில் என்பது சிறு விடயமாகத் தோன்றும். இரு தரப்புச் சாட்சியமும் சமமாய் நிற்கும் வழக்கில் அச்சுமையே வெற்றி தோல்வியைத் தீர்க்கின்றது. ஜேர்மனியர் செய்த ஏற்பாடு வேறு. அங்கே, வேலை நீங்கிய ஊழியனைத் தடுக்க விரும்பும் முதலாளி, தடைக்காலம் முழுவதும் அவன் பெற்ற ஊதியத்திற் பாதிக்குக் குறையாத தொகையைக் கொடுத்துவர வேண்டும். தடையும் இரண்டு ஆண்டுக்கு மேற்படலாகாது. சும்மா இருக்கச் சொல்பவன் சோறு போடவேண்டும் என்பது சாதாரண மனிதனுக்கும் விளங்கும் நியாயம். ஆங்கில நீதிபதிகள் இவ்வளவு நுட்பமாக ஆராய்ந்தும் இந்த எளிய வழியைத் தேடாதது வியப்பே.

கலிபோணியா எடுத்த பாதையின் விளைவு நெடுங்காலத்தின் பின் தெரிந்தது. 1957ஆம் ஆண்டில் வில்லியம் சொக்லியின் ஆய்வுகூடத்தை விட்டு எட்டு விஞ்ஞானிகள் ஒன்றாக வெளியேறிப் புதுக் கம்பனி தொடங்கினர். அந்த எண்மருள் இருவரான நொய்சும் மூரும் 1968இல் அதையும் விட்டு நீங்கி இன்ரெல் கம்பனியை நிறுவினர். எதிர்த்தெருவுக்குப் போகாதே என்று சொல்ல அம்மாநிலச் சட்டம் எவருக்கும் இடங்கொடுக்கவில்லை. அங்கு மின்னணுத் தொழில் செழித்ததற்கு இச்சட்டமும் ஒரு காரணம் என்று சட்டப் பேராசிரியர் றொனால்ட் கில்சன் 1999இல் எழுதினார். நிலமும் பல்கலைக்கழகங்களும் முதலீடும் காரணமல்லவா என்று கேட்போரும் உளர். இரண்டிலும் உண்மை இருக்கலாம்.

அமெரிக்காவின் மற்ற மாநிலங்களிலோ இத்தடை விஞ்ஞானிகளோடு நில்லாமற் கீழே இறங்கி வந்தது. பாணுக்கிடையில் இறைச்சியும் காய்கறியும் வைத்து விற்கும் ஜிம்மி ஜோன்ஸ் என்னும் கம்பனி, கடையில் நின்று அவற்றை அடுக்கிக் கொடுக்கும் சிற்றூழியரிடமும், வேலையை விட்டால் இரண்டு ஆண்டுகளுக்கு அருகிலுள்ள அத்தகைய கடைகளில் வேலை செய்வதில்லை என்று எழுதி வாங்கியது. 2016ஆம் ஆண்டில் இலினோய் மாநிலச் சட்டமா அதிபர் வழக்குத் தொடர்ந்தார்; கம்பனி அந்த வாசகத்தைக் கைவிட இணங்கியது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் றெயினோல்ட்ஸ் பாணுக்காக நீதிமன்றம் வந்தார். ஆனால் அவர் கடையை விற்றுப் பயன் பெற்றவர். இந்தப் பிள்ளைகள் எதனை விற்றார்கள்? பாணைப் பிளந்து நடுவே தக்காளி வைப்பதில் என்ன இரகசியம் இருக்கின்றது?

அந்நாட்டின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு, தொழிலாளரில் ஐவருள் ஒருவர் வீதம், ஏறத்தாழ மூன்று கோடிப் பேர் இத்தகைய தடைகளாற் கட்டுண்டிருப்பதாகக் கணித்தது. 2024ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் பெரும்பாலும் எல்லாத் தடைகளையும் விலக்கி ஒரு விதி செய்தது. விதி நடைமுறைக்கு வருமுன்னரே, ஆகத்து மாதத்தில், ரெக்சாஸ் மாநிலத்திலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று, இவ்வளவு பெரிய விதியைச் செய்ய ஆணைக்குழுவுக்கு அதிகாரமில்லை என்று அதனை நீக்கியது. 2025ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஆணைக்குழு தன் மேன்முறையீட்டையும் கைவிட்டது. ஆதலால் விடயம் மீண்டும் மாநிலங்களின் கைக்குப் போயிருக்கின்றது. கலிபோணியா, வட டக்கோட்டா, ஒக்லகோமா ஆகியவற்றோடு 2023 தொடக்கம் மினசோட்டாவும் இத்தடைகளை ஏற்பதில்லை. எல்லைக் கோட்டுக்கு இப்பால் வேலை செய்பவனுக்கு உள்ள உரிமை அப்பால் உள்ளவனுக்கு இல்லை.

இங்கிலாந்திலே மோல்ற்றன் பிரபு எழுப்பிய வினா 2019ஆம் ஆண்டில் மீண்டும் எழுந்தது. உயர் பதவியாளர்களைத் தேடிக் கொடுக்கும் ஒரு கம்பனியின் உயர் அலுவலர் ஒருவர், விலகிய பின் ஆறு மாதம் போட்டிக் கம்பனிகளிற் சேர்வதோ அவற்றில் அக்கறை கொள்வதோ இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார். அக்கறை கொள்வது என்னும் அச்சொல், ஒரு பங்கு வாங்குவதைக்கூடத் தடுக்கும் என்பதால் உடன்படிக்கை முழுவதும் அளவு மீறியது, ஆகவே செல்லாது என்பது அவர் வாதம். முதல் நீதிமன்றம் அவரைத் தடுத்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் விடுவித்தது. ஐக்கிய இராச்சிய உயர் நீதிமன்றமோ, நூறாண்டுப் பழைய தீர்ப்பொன்றை விலக்கி, அச்சொல்லை மாத்திரம் கத்தரித்துவிட்டால் எஞ்சியது செல்லும் என்று கம்பனியின் பக்கம் தீர்த்தது. கத்தரிப்பினால் உடன்படிக்கையின் மொத்த விளைவு பெரிதும் மாறலாகாது என்பதே அது விதித்த நிபந்தனை. மோல்ற்றன் பிரபுவின் அச்சத்தை நீதியரசர்கள் மறந்தாரல்லர். ஒழுங்கற்ற வாசகம் எழுதிய முதலாளிக்கு வழக்குச் செலவு கிடைக்காமற் போகலாம் என்று எச்சரித்தே தீர்த்தனர். அத்தீர்ப்பு வெளிவந்தது 2019ஆம் ஆண்டு யூலை மாதத்தில். அந்த அலுவலர் வேலையை விட்டது 2017ஆம் ஆண்டு சனவரியில். வழக்காடிய ஆறு மாதத் தடை முடிந்து அப்போது இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.